நான்காம் பெட்டியில் ஒரு சரி

2018 ஆகஸ்ட் 28, செவ்வாய்

இன்று ஒரு சிறிய பிழை தெரியவந்தது. பிழை என்னுடையது. தடுப்பூசித் துண்டுப்பிரசுரத்தின் ஆறாவது வரியில் ‘சீனி’ என்று எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் அந்தச் சொல்லை எழுதியிருக்கக் கூடாது.

[‘சிறிய’ என்பதை வெட்ட வேண்டும். ஆனால் குறிப்பேட்டில் எதையும் வெட்டுவதில்லை என்பது என் விதி. பகல் பன்னிரண்டரைக்கு நான் அதைச் சிறியது என்றுதான் நினைத்தேன். அப்படியே இருக்கட்டும்.]

1

வாசிப்பவருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கதையாகத் தொடங்கவில்லை. மேலே உள்ள நான்கு வரிகள்தான் இருந்தன. அவற்றை எழுதி முடித்த பிறகும் கோபம் அடங்கவில்லை. குறிப்பேட்டுக் கொப்பியைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து கதையாக எழுதத் தொடங்கினேன். கதை எழுதி எனக்குப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது ஆய்வுகூடப் பதிவேடு: திகதி, மாதிரி, முறை, பெறுபேறு, வழு. அந்த ஒழுங்கில் போகப் பார்க்கிறேன். தவறினால் மன்னிக்கவும்.

என் பெயர் ஷானிகா. மதுரங்குளியில் இருக்கிறேன். பகலில் பாலாவிக்குப் பக்கத்தில், உப்புப் பொதி செய்யும் இடமொன்றின் ஆய்வுகூடத்தில் வேலை. உப்பில் அயடீன் போதிய அளவு கலந்திருக்கிறதா என்று சோதிப்பது என் பொறுப்பு. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் ஆய்வுகூட உதவியாளர்களுக்கான இரசாயன வகுப்புக்குப் போகிறேன்.

ஜூலை மாதம் அந்த வகுப்புக்குப் பதியுதீன் ஸேர் வந்தார். நான் பெயர் எழுதப்போகாத ஒரு வைத்தியசாலையில் தடுப்பூசிப் பதிவுகளைப் பார்ப்பவர். புதிய ஊசியொன்றுக்கு விளக்கத் துண்டுப்பிரசுரம் சிங்களத்தில் அச்சாகி வந்திருந்தது, ஆங்கிலத்திலும் வந்திருந்தது. தமிழ் எங்கே என்று கேட்டதற்கு, ‘பிறகு வரும்’ என்றார்களாம். எங்கள் மொழிக்கு மட்டும் எப்போதும் இந்தப் ‘பிறகு’. யாராவது ஒருவர் மொழிபெயர்த்துத் தந்தால் நிழற்பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்றார் ஸேர். வகுப்பில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு ‘ஏ’ எடுத்த குற்றத்துக்காக.

2

கதையின் தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

முதலாவது: “உப்பளங்களின் மேல் வெயில் கண்ணாடித் தூளாய்ச் சிதறிக் கிடந்த ஒரு நண்பகலில்—”

கைவிட்டேன். அங்கே வேலை செய்யும் எவரும் நண்பகலில் உப்பளத்தைப் பார்ப்பதில்லை. கண் வலிக்கும்.

இரண்டாவது: “எழுபது வயதான அந்தப் பெண்ணுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கால் வெட்டப்பட்ட கணவனுக்குச் சோறு கொடுத்துவிட்டு வந்தவள், ஊசியைக் கண்டதும் அழுதபடி—”

இது முழுப் பொய். ஊசியை மறுத்தவருக்கு நாற்பத்து மூன்று வயது. பொதியிடும் பகுதியில் பதினொரு பெண்களுக்குப் பத்திரிகையை உரத்து வாசித்துக் காட்டுபவரே அவர்தான். அப்படியானால் நான் ஏன் இப்படி எழுதினேன்? ஊசி வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால், அவள் கிழவியாக, கைநாட்டாக, அழுபவளாக இருப்பாள் என்று என் பேனைக்கே தெரிந்திருந்தது. அந்தப் பேனையின் மீதும் எனக்குக் கோபம்.

மூன்றாவது: “சித்தி ஸுலைஹாவின் மண்ணீரலைச் செப்டம்பர் 19, புதன்கிழமை அகற்றப் போகிறார்கள்.”

இதில் பொய் இல்லை. [பெயரைத் தவிர. ‘சித்தி’ உறவுமுறை அல்ல, பெயரின் பகுதி. பெயர் பற்றிப் பின்னால் வருகிறது.]

3

சித்தி ஸுலைஹாவின் மண்ணீரலைச் செப்டம்பர் 19, புதன்கிழமை அகற்றப் போகிறார்கள்.

குருதியை உறைய வைக்கும் சிறுதட்டுகளை அவருடைய மண்ணீரலே பிடித்து அழித்துக்கொண்டிருந்தது. உப்பு மூட்டையில் கை பட்டாலே நீலமாகக் கன்றிப்போகும். ஒன்றரை வருடம் குளிசை விழுங்கினார். அந்தக் குளிசை குருதியில் சீனியை ஏற்றியது. சீனி ஏறியதால் குளிசையைக் குறைத்தார்கள். குறைத்ததும் சிறுதட்டுகள் விழுந்தன. இனி அகற்றுவதுதான் வழி என்றார் டொக்டர்.

மண்ணீரல் இல்லாத ஆளுக்குச் சில பற்றீரியாக்கள் எமன். காலையில் காய்ச்சலாகத் தொடங்கி மாலைக்குள் ஆளையே முடித்துவிடக் கூடியவை. அதனால் அகற்றுவதற்கு ஆகக் குறைந்தது இரண்டு கிழமைக்கு, அதாவது பதினான்கு நாளுக்கு, முன்னர் ஊசி போட வேண்டும். ஊசி போடுவது செவ்வாய்க்கிழமைகளில். அவருடைய பெயர் ஒட்டிய ஒரேயொரு ஊசி குளிர்ப்பெட்டியில் இருந்தது. இன்று போகச் சொல்லியிருந்தார்கள். தவறினால் செப்டம்பர் 4. அதற்குப் பிறகு செவ்வாய் இல்லை.

இன்று போனார். போடாமல் திரும்பி, பகல் பன்னிரண்டரைக்கு வேலைக்கு வந்துவிட்டார்.

“ஷானிகா, இஞ்ச வா புள்ள,” என்றார். கையில் என் துண்டுப்பிரசுரம். “இத எழுதின ஆள் ஆருண்டு உனக்குத் தெரியுமா?”

“ஏன் ராத்தா?” இங்கே முஸ்லிம் அக்காமாரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

“ஆரா இரிந்தாலும் நேர்மையான மனுசன். வேற ஆக்களெண்டா மறைச்சிரிப்பாங்க. இவன் பச்சையா எழுதிட்டான். பாரு.”

ஆறாவது வரியை விரலால் தொட்டு, பத்திரிகை வாசிக்கும் குரலில் வாசித்தார்: “‘இவ்வூசி மூலம் கிருமியின் சீனி, புரதம் ஒன்றில் ஒட்டப்பட்டு, உங்கள் உடலினுள் செலுத்தப்படுகிறது. உடல் அதை நீண்ட காலத்துக்கு மறக்காது.’”

பொதியிடும் பெண்கள் மூட்டை தைப்பதை விட்டு எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

“குளிசை தந்தாங்க, சீனி வந்திச்சு. சீனி வந்ததால ஈரலக் கழட்டப் போறாங்க. கழட்டுறதுக்கு முந்தி, இந்தா, கிருமிட சீனியையும் ஏத்துறாங்களாம். மறக்காதாம் உடம்பு! என்ன புள்ள, பகிடியா விடுறாங்க?”

வெளியூர் வாசகருக்கு ஒரு குறிப்பு: எங்கள் கரையில் ‘சீனி’ என்பது தேநீரில் போடுவது. அதே சொல்தான் வருத்தத்துக்கும் பெயர். ‘அவவுக்குச் சீனி’ என்றால் நீரிழிவு. ஒருவருக்குச் சீனியைச் செலுத்துவது என்று எழுதினால் இங்கே அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. நான் இந்த மண்ணில் பிறந்தவள். என் மாமாவுக்கே சீனி. அப்படியிருந்தும் எழுதினேன்.

“நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டன்,” என்றார் ராத்தா. “ஒட்டின சீனி பிறகு கழருமா, கழராதா? பதியுதீன் ஸேர் ‘அதெல்லாம் உங்களுக்கு விளங்காது, போடுறதா இல்லையா’ண்டாரு. அப்ப வேணாண்டன். உடன எண்ட ஊசி அட்டையில ஒரு சரி போட்டாரு. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதெண்டு நினைச்சிட்டாரு போல.”

அட்டையைக் காட்டினார். ‘ஊசி ஏற்றப்படாமைக்கான காரணம்’ என்று சிங்களத்தில் இருந்தது. கீழே நான்கு பெட்டிகள். காய்ச்சல். ஒவ்வாமை. வேறு பிரதேசம். நான்காவது: ‘நொதேரும்கம’. தமிழில் சொன்னால் விளங்காமை. இன்னும் நேராகச் சொன்னால் அறிவு போதாமை. அந்தப் பெட்டிக்குள் நீல மையில் அழகான ஒரு சரி அடையாளம்.

துண்டுப்பிரசுரத்தை எழுதியது நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாதிரிகள் காத்திருக்கின்றன என்று ஆய்வுகூடத்துக்குள் போய்விட்டேன்.

4

இந்தப் பகுதியைக் கட்டுரை போல எழுதுகிறேன். கதை வாசிக்க வந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டிப் போகிறவர்கள் பதியுதீன் ஸேரின் பக்கம் போகிறார்கள் என்பதையும் குறித்து வைக்கிறேன்.

நியுமோனியா உண்டாக்கும் பற்றீரியா ஒரு மேலங்கி போட்டிருக்கிறது. அந்த மேலங்கி வெல்லம் எனப் பாடப்புத்தகம் சொல்லும் சீனி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலிகளால் ஆனது. எங்கள் உடம்புக்கு அந்தச் சங்கிலியைத் தனியாகக் காட்டினால் அவ்வளவாகக் கணக்கில் எடுக்காது. எடுத்தாலும் கெதியில் மறந்துவிடும். புரதத்தைக் காட்டினால் நினைவில் வைக்கும். எனவே இரசாயனவியலாளர்கள் சங்கிலியைப் புரதத்தோடு பிணைத்துவிடுகிறார்கள். புரதத்தை நினைவு வைக்கிற சாட்டில் உடம்பு மேலங்கியையும் நினைவு வைத்துக்கொள்கிறது. பின்னர் உண்மையான பற்றீரியா வரும்போது, மண்ணீரல் இல்லாவிட்டாலும், அடையாளம் தெரிந்த பிறபொருளெதிரிகள் என்ற காவல் புரதங்கள் தயாராக நிற்கும்.

எப்படிப் பிணைக்கிறார்கள்? பெரயோடேற்று என்ற சேர்வையால் சங்கிலியின் சில வளையங்களைத் திறக்கிறார்கள். [பெரயோடேற்று என்று வாசித்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. நான் தினமும் உப்பில் தேடும் அயடேற்றுக்கு உறவுக்காரர்.] திறந்த இடத்தில் அல்டிகைட்டுக் கூட்டம் ஒன்று உருவாகிறது. புரதத்தில் அமைன் கூட்டம் இருக்கிறது. இரண்டும் பிடித்துக்கொள்கின்றன. பிறகு அந்தப் பிடி விடாதபடி இன்னொரு இரசாயனத் தாக்கத்தால் இறுக்குகிறார்கள்.

இப்போது சீனி வருத்தக்காரரின் குருதியைப் பாருங்கள். அங்கேயும் குளுக்கோசின் அல்டிகைட்டு, ஈமோகுளோபின் என்ற புரதத்தின் அமைனைப் பிடிக்கிறது. யாரும் கேட்காமலே பிடிக்கிறது. பிடித்தது அந்தச் செங்குழியம் சாகும்வரை விடாது. மூன்று மாதச் சீனி என்று ஆய்வுகூடங்களில் அளப்பது இதைத்தான்.

தொடக்கம் இரண்டிலும் ஒன்றே. ஓரிடத்தில் வருத்தத்தின் அடையாளம், இன்னோரிடத்தில் காவல். இதை விளங்கிக்கொள்ள வகுப்பில் எங்களுக்கு இரண்டு மாலைகள் எடுத்தன. ஸுலைஹா ராத்தா உப்பு மூட்டை தைக்கிறவர். ஊசிக்கு வரிசையில் நின்றபடி ஒரு வரியை வாசித்துவிட்டு, ‘ஒட்டின சீனி கழருமா?’ என்று கேட்டார். வகுப்பில் நாங்கள் ஒருவரும் கேட்காத கேள்வி அது. இதற்குப் பதில் தெரியாதவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். விளங்காமை என்ற சரி விழுந்தது இந்தப் பக்கம் நின்றவருக்கு.

5

என் பங்கை இங்கே எழுதாவிட்டால் கோபம் நேர்மையாக இராது.

ஜூலை வரைவில் நான் எழுதிய சொல் ‘பல்சக்கரைட்டு’. நீண்ட வெல்லச் சங்கிலிக்கான பாடப்புத்தகச் சொல். பதியுதீன் ஸேர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது ஆருக்குப் புள்ள விளங்கும்? எங்கட சனத்துக்கு எளிமையா எழுதுங்க.”

‘வெல்லம்’ என்று மாற்றினேன். அதுவும் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான்.

“வெல்லமா? ஊசி போடுறமா, பொங்கல் வெக்கிறமா?”

‘சர்க்கரை.’

“அது இந்தியாக் கத.”

‘சீனி.’

“ஆங்! இதான். பாத்தீங்களா, எளிமையா எழுதினா எவ்வளவு வடிவு.”

நானும் வடிவென்றே நினைத்தேன். அன்றைய நாட்குறிப்பில், ‘மொழிபெயர்ப்பு நிறைவு, ஸேர் பாராட்டினார்’ என்று இருக்கிறது. உப்பில் ஒரு தொகுதியைக் கையொப்பமிட்டு வெளியே விடுவதென்றால் மூன்று மூட்டைகளில் மாதிரி எடுத்துச் சோதிப்பேன். வாக்கியத்தை ஒரு மாதிரியும் எடுக்காமல் வெளியே விட்டேன். ஊசி போடப்போகும் ஒரு ஆளிடமாவது வாசிக்கக் கொடுக்கவில்லை. ‘எங்கட சனம்’ என்று நாங்கள் இருவரும் யாரைச் சொன்னோம்? அந்தச் சனத்தில் எங்கள் இருவரையும் சேர்த்தா, சேர்க்காமலா?

6

ஆகஸ்ட் 31, வெள்ளி. ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம் ராத்தாவிடம் கொப்பியைக் கொடுத்தேன். துண்டுப்பிரசுரத்தை எழுதியவள் நான் என்பதை வாயால் சொல்லத் தைரியம் இல்லை. ஐந்தாம் பகுதியில் எழுதியிருந்தேன். அவர் அங்கே வந்து சேரும்வரை நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் இரண்டாம் பகுதியிலேயே நின்றுவிட்டார்.

“எண்ட மனுசன் இப்பதான் ரெண்டு காலாலயும் நடந்து பள்ளிக்குப் போறாரு. நீ இஞ்ச கால வெட்டிப்போட்டியே!”

“அது கைவிட்ட வரைவு ராத்தா.”

“கைவிட்டா கிழிக்கிறது. கால வெட்டிட்டுக் கைவிட்டனெண்டா?” மற்றப் பெண்களும் சிரித்தார்கள். “எனக்கு எழுபது வயசாம். கேளுங்கடி.”

பிறகு ஐந்தாம் பகுதி. சிரிப்பு நின்றது. கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“நீதானா?”

“ஓம்.”

“செவ்வாக்கிழம நான் கேக்கக்க சொல்லியிரிக்கலாம்.”

“ஓம் ராத்தா.”

“ஆம்புளண்டு நினைச்சிட்டன்,” என்றார். “அவ்வளவு நிச்சயமா எழுதியிரிந்திச்சு.”

பெயரை மாற்றுவது அவருடைய யோசனை. “எண்ட பேரப் போடாத. சித்தி ஸுலைஹாண்டு போடு. முகாம் பள்ளிக்கூடத்தில எங்களோட படிச்ச ஆக வடிவான புள்ளட பேரு.” ராத்தா, 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, பதினைந்து வயதில் ஓர் உடுப்புப் பையோடு வந்து, கரைத்தீவு முகாமில் கிடுகுக் கூரைக்குக் கீழே இருந்து சாதாரண தரம் எடுத்தவர். அட்டையில் அதற்கும் பெட்டி இல்லை.

இன்னொரு திருத்தமும் சொன்னார். வரைவு முழுவதும் நான் ‘அவள்’ என்றே எழுதியிருந்தேன். “நீ எனக்கு மூத்தவளா? கதையெண்டா மரியாதை தேவல்லியா?” எல்லா இடத்திலும் ‘அவர்’ ஆக்கியிருக்கிறேன். இரண்டாம் தொடக்கத்தில் உள்ள பொய்ப் பெண் மட்டும் ‘அவள்’ ஆகவே இருக்கிறாள்.

7

செப்டம்பர் 1, சனி. அரைநாள். ‘கழருமா’ என்பதற்குப் பதில் கொடுத்தேன்.

“கழராது ராத்தா. கழராம இருக்கத்தான் இறுக்குறாங்க. உடம்பு அந்தப் புரதத்தைத் துண்டு துண்டா வெட்டி, பாத்திட்டு, வெளியேத்தும். நினைவு மட்டும் நிக்கும்.”

“அது சரி. எவ்வளவு சீனி?”

ஆங்கிலத் தாளில் அளவு இருந்தது. பதின்மூன்று வகை மேலங்கிகள், பன்னிரண்டில் 2.2 மைக்கிரோகிராம் வீதம், ஒன்றில் 4.4. கூட்டினால் 30.8. சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“மைக்கிரோவ விடு. கண்ணுக்குக் காட்டு.”

உப்பு நிறுக்கும் நுண்தராசு இருந்தது. தேநீர் அறையிலிருந்து சீனி எடுத்து வந்தோம். ஒரு பருக்கையை நிறுத்தால் வழு அதிகம் வரும் என்பதால் நூறு பருக்கை எண்ணச் சொன்னேன். இடுக்கியால் அவர் எண்ணினார், நான் சரிபார்த்தேன். அறுபத்தேழில் தும்மிவிட்டார். மறுபடி ஒன்றிலிருந்து. நூறு பருக்கை: 61.4 மில்லிகிராம். ஒரு பருக்கை 0.614. ஊசியில் இருப்பது 0.031.

“ஒரு பருக்கைய இருபதா உடைச்சா அதில ஒரு துண்டு,” என்றேன்.

“இவ்வளவுக்கா?” என்று சிரித்துவிட்டார். “எண்ட பிளேன்ரீக் கோப்பையில விழுற எறும்பிட கால்ல இதவிடக் கூட இரிக்குமே!”

எனக்கு நிம்மதி. அந்த இடத்தில் கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பிழை செய்தவள் திருத்தினாள், மறுத்தவருக்கு விளங்கிற்று, செவ்வாய்க்கிழமை ஊசி. கொப்பியில் ‘முற்றும்’ என்று எழுத ‘மு’ வரை வந்தேன்.

ராத்தா இடுக்கியைக் கீழே வைத்தார்.

“இப்ப நான் போய்க் கைய நீட்டினா என்ன நடக்கும், சொல்லு. விளங்காத பொம்புள ஒருத்திக்கு விளங்கப்படுத்தி ஊசி போட்டாச்செண்டு எழுதுவாங்க. அந்தச் சரி அப்பிடியே கிடக்கும். நான் விளங்காம மறுக்கல்ல ஷானிகா. வாசிச்சன். விளங்கிச்சு. விளங்கித்தான் மறுத்தன். நீ எழுதினதுக்கு அதான் அர்த்தம்.”

“ஓம் ராத்தா, ஆனா—”

“அந்தச் சரிய வெட்டட்டும். இல்லாட்டி அஞ்சாவதா ஒரு பெட்டி கீறி, ‘கேள்வி கேட்டா, பதில் சொல்லல்ல’ண்டு எழுதட்டும். பிறகு ஊசி போடட்டும்.”

“உயிரோட விளையாடாதீங்க.”

“இந்தச் சரியோட என்னை அனுப்பிட்டு, நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்து இதே அட்டையோட ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போறன் எண்டு வை. அங்க நான் ‘நோகுது’ண்டா ஆரு கேப்பா? விளங்காதவதானே.”

நான் ‘மு’வை அப்படியே விட்டுக் கொப்பியை மூடினேன்.

8

செப்டம்பர் 3, திங்கள். வகுப்புக்கு முன்னர், மூன்றரை மணிக்கு, பதியுதீன் ஸேரின் மேசைக்குப் போனேன். திருத்திய துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தேன். ஆறாவது வரி இப்போது இப்படி இருக்கிறது: ‘கிருமி போர்த்தியிருக்கும் மேலங்கியின் மிகச் சிறு துண்டு இந்த ஊசியில் இருக்கிறது. இதனால் உங்களுக்குச் சீனி வருத்தம் வராது. இருக்கிற சீனியும் கூடாது.’ பொதியிடும் பகுதியில் பதினொரு பேரிடமும் வாசிக்கக் கொடுத்துத் திருத்தியது. ஸேர் வாசித்து, நல்லது என்றார். அட்டையைப் பற்றிச் சொன்னேன்.

“வேற பெட்டி இல்லயே புள்ள. மேல இருந்து வாற அட்ட. நாலில ஒண்டு போடத்தானே வேணும்?”

“போட்ட சரியை வெட்டலாம்தானே ஸேர்?”

“வெட்டுக்குத்து இரிந்தா அட்டயத் திருப்பி அனுப்புவாங்க. பிறகு என்னட்டத்தான் விளக்கம் கேப்பாங்க.” குரலைத் தாழ்த்தினார். “எண்ட உம்மாவுக்கும் சீனிதான். எனக்கு அந்த மனுசியோட கோவமில்ல. ஆனா ஒரு சரிக்காக உயிர விடுறதா? நீங்களே சொல்லுங்க.”

இந்த இடத்தில் முதலில் நான் எழுதியது இது:

“‘ஒரு சரியை வெட்ட மாட்டேன் என்பதற்காக நீங்கள் அந்த உயிரை விடுவீர்களா?’ என்று கேட்டேன். அவர் தலை குனிந்தார்.”

நல்ல வசனம். நான் அதைச் சொல்லவில்லை. வாசல்வரை நடந்து, பஸ்ஸில் ஏறி, இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் அது வாயில் வந்தது. மேசைக்கு முன்னால் நான் உண்மையில் சொன்னது, “சரி ஸேர்.”

9

முடிவுகள். எழுதிப் பார்த்தவை மூன்று.

ஒன்று. ஸேர் மனம் மாறி, அட்டையை வாங்கி, சரியை வெட்டிக் கையொப்பமிடுகிறார். ராத்தா கையை நீட்டுகிறார். நான் பக்கத்தில் நின்று புன்னகைக்கிறேன். [புன்னகைப்பது நான் என்பதால் இதைச் சந்தேகிக்கிறேன். பிழை செய்தவளுக்கு இவ்வளவு வசதியான முடிவு வரக் கூடாது.]

இரண்டு. அட்டை மாறவில்லை, ஊசி போடவில்லை. சத்திரசிகிச்சை நடக்கிறது. அடுத்த மார்ச்சில் ஒருநாள் காலை காய்ச்சல்— இதைப் பாதியில் நிறுத்தினேன். எழுத எழுத வேகமாக வந்தது. என் கோபம் எவ்வளவு நியாயமானது என்று வாசகருக்குக் காட்டுவதற்காக ஸுலைஹா ராத்தாவைச் சாகடித்துக்கொண்டிருந்தேன். கணவருடைய காலை வெட்டிய அதே கை. அவர் இதை வாசிக்கப் போகிறவர். நாளை காலை என்னோடு வரிசையில் நிற்கப் போகிறவர்.

மூன்று. ராத்தா அட்டையை மறந்து, ‘உயிர்தான் பெரிது’ என்று ஊசியைப் போட்டுக்கொள்கிறார். இதுவே புத்தி என்று பலர் சொல்வார்கள். நானும் சனிக்கிழமை சொன்னேன். ஆனால் இந்த முடிவில் விட்டுக்கொடுப்பவர் ஒருவர்தான். எழுதிய நான், சரி போட்ட ஸேர், நாலு பெட்டி அச்சிட்ட மேலிடம், ஒருவருமே ஒரு அங்குலம் நகரவில்லை. உயிருக்குப் பயப்பட வேண்டியவர் எப்போதும் விட்டுக்கொடுப்பார் என்ற நம்பிக்கையில்தான் அந்த அட்டை அச்சாகிறது.

இன்று ஸேரிடம் போவதற்கு முன், வேலை விட்டுப் போகும்போது வெளிவாசலில் ராத்தாவிடம் கேட்டேன்: “சரியை வெட்டாட்டி என்ன செய்வீங்க ராத்தா?”

“வருவன். வரிசையில நிப்பன். எண்ட முறை வரக்க பாப்பம்.”

“பயமில்லையா?”

“பயமில்லாமலா நூறு சீனி எண்ணினன்?” என்றார். வாகனம் வந்தது, ஏறினார்.

அதனால் முடிவை நான் எழுதவில்லை. வாசகரிடமும் ஒப்படைக்க மாட்டேன். அது அவருடைய கை, அவருடைய அட்டை. நான் எழுதக் கூடியது என் கையொப்பம் இட்ட கடிதம் மட்டும். வகுப்பு இடைவேளையில் எழுதி முடித்தேன்: துண்டுப்பிரசுரத்தை மொழிபெயர்த்தவள் நான், ஆறாவது வரி பிழை, நோயாளி அந்த வரியைச் சரியாக விளங்கிக்கொண்டே ஊசியை மறுத்தார், அவர் கேட்ட கேள்விக்கு அன்று பதில் வழங்கப்படவில்லை. தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. சிங்களப் பிரதியில் எழுத்துப்பிழை இருக்கலாம். இருந்தால் எனக்கும் நான்காவது பெட்டியில் போடட்டும்.

நாளை, செப்டம்பர் 4, செவ்வாய். அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. ராத்தா வருவதற்கு முன்னர், ஏழே காலுக்கு, வைத்தியசாலை வாசலில் நிற்க வேண்டும். இலக்கத் துண்டு எடுக்க வேண்டும். பதியுதீன் ஸேர் மேசைக்கு வந்ததும் சிங்களப் பிரதியைக் கொடுத்து, வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி தமிழ்ப் பிரதியை உரத்து வாசிக்க வேண்டும். பிறகு அந்தச் சரியை வெட்டப் பேனையைக் கொடுக்க வேண்டும்.